நான்கு பக்க முன்னுரை

துபாயின் அல் குசைஸில் நான்கு பெண்கள் பெட் ஸ்பேஸாக ஆளுக்கொரு கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்த ஃபிளாட் அது. ஜோதிமணியும் கஜாலினியும் எதிரெதிர்க் கட்டில்களில் மூன்று மாதம் தூங்கி எழுந்தும், "பாத்ரூம் காலியா?" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. ஜோதிமணி தாராபுரத்துக்காரி. லிஃப்ட் பொருத்தும் சீனக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் வேலை. தலையில் ஹெல்மெட்டோடு சைட்டுக்குச் சைட் போய், சீன எஞ்சினியர் சொல்வதை ஆட்களுக்கு இந்தியிலும் தமிழிலும் சொல்ல வேண்டும். கஜாலினி யாழ்ப்பாணத்துக்காரி. பக்கத்து இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தாள்.

சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருந்தபோது, கஜாலினி இரண்டு நீளமான சிவப்புத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு ரூமுக்கு வந்தாள்.

"உங்களுக்குச் சீன எழுத்துத் தெரியும்தானே? ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் கதவில ஒட்ட வாழ்த்து அடிக்கச் சொன்னவன். அடிச்சு, பின்னால இடம், வலம் எண்டு குறிச்சுக் குடுத்தால், மாறிப்போச்சு எண்டு கத்துறான். ரெண்டு தாளும் ஒரே மாதிரித்தானே இருக்கு?"

ஜோதிமணி தாள்களைக் கட்டில்மேல் விரித்தாள். அவள் முகம் மாறியதைக் கஜாலினி கவனித்தாள். யாரோ தெரிந்தவரை எதிர்பாராத இடத்தில் பார்த்த முகம்.

"மாறித்தான் இருக்குது. இது முதல் அடி. கதவைப் பார்த்து நின்னா வலது பக்கம் வரோணும். இது ரெண்டாவது, இடது பக்கம்."

"எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"கடைசி எழுத்தோட ஓசையை வெச்சு. ஏறியோ இறங்கியோ முடிஞ்சா முதல் அடி. சமமா நீண்டு முடிஞ்சா ரெண்டாவது." அவள் இரண்டையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்தாள். "இங்க வசந்தம்னு இருக்குதா, அங்க நேர் எதிர்ல ஆண்டு. இங்க வருது, அங்க போகுது. பேருக்குப் பேரு, வினைக்கு வினை. எண் வந்தா எண், நிறம் வந்தா நிறம். ஒண்ணுக்கு ஒண்ணு எதிர்ல நிக்கோணும், ஆனா ஒரே சொல் ரெண்டு தடவை வரக் கூடாது."

கஜாலினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவில ஒட்டுறதுக்கே இவ்வளவோ?"

"இது சும்மா வாழ்த்து. பழைய கவிதையில இருக்கறதைப் பார்த்தா நீங்க அசந்து போயிருவீங்க."

அப்படித்தான் தொடங்கியது. ஜோதிமணியிடம் ஒரு மலிவுப் பதிப்புத் தொகுப்பு இருந்தது. பெயர் தெரியாத பழங்காலக் கவிகள் எழுதியவை. எல்லைக் காவலில் இருந்தவர்கள், துறவிகள், பதவி போனவர்கள். சீனாவில் அவள் படித்த ஊரில், குளிர்காலத்தில் ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாத நாட்களில், அந்தப் புத்தகம்தான் அவளுக்குத் துணை. எட்டு அடிப் பாட்டு. நடுவில் உள்ள நான்கு அடிகள் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும். எங்கிருந்தோ ஒரு சொல் தனியாக வந்து நிற்கிறது என்றால், அடுத்த அடியில் அதற்கென்று ஒரு சொல் காத்துக்கொண்டிருக்கும். அந்த உறுதி அவளுக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். ஜோதிமணி பொருளைச் சொல்வாள். கஜாலினி அதைத் தமிழில் அடியாக்குவாள். சில அடிகள் பத்து நிமிடத்தில் அமைந்தன. சில ஒரு மாதம் இழுத்தன. முதலில் உருப்படியாக அமைந்தது, ஒரு துறவி மலைக் கோயிலில் தங்கிய இரவைப் பற்றியது. ஐந்தே எழுத்துக்கள் ஓர் அடி. ஜோதிமணி இப்படி வைத்திருந்தாள்: 'மழை நின்றதும் ஆயிரம் மலைகள் அருகில் தெரிகின்றன, விளக்கு அணைந்ததும் ஒரு நதி தொலைவில் கேட்கிறது.'

"இது கட்டுரை மாதிரி இருக்கு," என்றாள் கஜாலினி. "அருகில், தொலைவில் ரெண்டும் கனமான சொல். எங்கட ஊரில 'எட்ட நில்' எண்டு சொல்லுறது. தூரத்துக்கு எட்ட. அப்ப பக்கத்துக்குக் கிட்ட." அவள் பென்சிலால் எழுதினாள்.

மழை விட்டது: ஆயிரம் மலை கிட்ட.
விளக்கு அவிந்தது: ஓர் ஆறு எட்ட.

ஜோதிமணி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து போய்க் கஜாலினிக்கு டீ போட்டாள். தன் வாழ்க்கையில் யாரோடும் சேர்ந்து ஒரு காரியத்தை இவ்வளவு சரியாகச் செய்ததில்லை என்று தோன்றியது. அன்றிலிருந்து 'நீங்கள்' போய் 'நீ' வந்தது.

அந்த மேசையில்தான் ஜோதிமணி தன் ரகசியத்தையும் சொன்னாள்.

ஒரு மதியம் ஊரிலிருந்து பெரியம்மா ராக்கம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிடலாமா என்று கேட்டாள். ஜோதிமணி, "அங்க எழுதிக் குடுத்த டாக்டர் சொல்றபடி சாப்பிடுங்க பெரியம்மா, நான் இங்கிருந்து சொல்லக் கூடாது," என்றாள். பெரியம்மா விடவில்லை. "நீ டாக்டரு, உன்னைய விட அவனுக்கென்ன தெரியும் அம்மிணி?" என்றது ஸ்பீக்கரில் கேட்டது.

போனை வைத்ததும் கஜாலினி கேட்டாள்: "நீ டாக்குத்தரே?"

ஜோதிமணி சீனாவில் மருத்துவம் படித்தவள். கடைசி ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வழியாக முடிந்தது. வெளிநாட்டில் படித்தவர்கள் இந்தியாவில் எழுத வேண்டிய தகுதித் தேர்வை நான்கு முறை எழுதினாள். நான்கு முறையும் தேறவில்லை. மூன்றாவது முறை வரைக்கும் வீட்டில் தெரியும். நான்காவது முடிவு வந்த அன்று அப்பா பொன்னுச்சாமி வாசலில் காத்திருந்தார். அவள் வாயிலிருந்து, "துபாயில அந்தப் பரீட்சை வேண்டியதில்லீங்கப்பா, ஒரு கிளினிக்ல வேலை கெடைச்சிருக்குது," என்று வந்துவிட்டது. அவள் துபாய்க்குப் போன பிறகு, அப்பா வீட்டு முன்சுவரில் 'டாக்டர் பொ. ஜோதிமணி' என்று பலகை மாட்டினார். போட்டோ எடுத்தும் அனுப்பினார்.

"இது உனக்கு மட்டும்தான் தெரியும் கஜா. இந்த உலகத்துல வேற யாருக்கும் தெரியாது."

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றாள் கஜாலினி. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்டுக்கும் யோசியாதை."

இரண்டு ஆண்டுகளில் நூற்றிருபது இணையடிகள் சேர்ந்தன. கஜாலினி கல்யாணமாகி மஸ்கட் போனாள். கணவன் லக்சனுக்கு ரூவியில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கே போன பிறகு அவள்தான் சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்தைப் பிடித்தாள். 'ஒன்றுக்கு ஒன்று' என்று பெயர் வைத்தார்கள். அட்டையில் இரண்டு பெயரும், ஒரே அளவு எழுத்தில், பக்கத்தில் பக்கத்தில்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சீன யாப்பைப் பற்றிய குறிப்பை ஜோதிமணி எழுதினாள். புத்தகம் உருவான கதையை முன்னுரையாகக் கஜாலினி எழுதுவதாக ஏற்பாடு.

"அனுப்பு, படிச்சுப் பார்க்கறேன்," என்று ஜோதிமணி இரண்டு தடவை கேட்டாள்.

"சர்ப்ரைஸடி. புத்தகத்தில பார்."

அப்பாவிடம் அவளே போன் செய்து சொன்னாள். அவரிடம் இத்தனை வருடத்தில் அவள் மனதாரச் சொன்ன நல்ல செய்தி அது ஒன்றுதான். அதில் பொய் எதுவும் கலக்க வேண்டியிருக்கவில்லை. "வைத்தியத்துக்கு நடுவுல இதையும் பண்ணியிருக்கறயா கண்ணு?" என்று அவர் கேட்டபோது மட்டும் பேச்சை மாற்றினாள். ஆசிரியர் பிரதிகளை எங்கே அனுப்பலாம் என்று பதிப்பகத்தார் கேட்டதற்குத் தாராபுரத்து முகவரியைக் கொடுத்தாள். அப்பா கையில் முதலில் கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

வெளியீட்டு விழா நவம்பரில், ஒரு சனிக்கிழமை மாலை, ரூவியில் ஒரு ஹோட்டலின் மாடி அறையில். மஸ்கட்டில் உள்ள வாசகர் வட்டம் ஒன்று நடத்தியது. ஜோதிமணி விசா எடுத்து, காலை பஸ்ஸில் ஹத்தா எல்லை தாண்டி மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தாள். புதுச் சேலை எடுத்து வந்திருந்தாள். கஜாலினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முன்வரிசையில் உட்கார வைத்து, கையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, வந்தவர்களைக் கவனிக்கப் போனாள்.

ஜோதிமணி முதலில் அட்டையைத் தடவிப் பார்த்தாள். தாளை முகர்ந்தாள். பிறகு முன்னுரையைப் புரட்டினாள். நான்கு பக்கம்.

நன்றாக எழுதியிருந்தாள். கஜாலினிக்கு எழுத வரும் என்பது அவளுக்குத் தெரியும். சிவப்புத் தாள் வந்தது, சமையலறை மேசை வந்தது, டீ வந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது: 'இந்த அடிகளை எனக்குக் கொண்டுவந்து தந்த ஜோதிமணி ஒரு மருத்துவராக இருந்திருக்க வேண்டியவள். நான்கு முறை தேர்வில் தோற்றவள். தாராபுரத்தில் அவள் வீட்டுச் சுவரில் இன்றும் டாக்டர் என்ற பலகை தொங்குகிறது. அவளுடைய தகப்பனுக்கு இன்றுவரை உண்மை தெரியாது.'

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். அச்சு மாறவில்லை. மூன்றாம் பக்கம் முழுவதும் அவளைப் பற்றித்தான். ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைட்டில் நிற்பது, ராக்கம்மாவின் சர்க்கரை மாத்திரை, அப்பா அனுப்பிய போட்டோ. பொய்க்கும் உண்மைக்கும் நடுவே வாழ்கிறவளால்தான் இணையடிகளை இத்தனை நுட்பமாகப் புரிந்துகொள்ள முடிந்தது என்று எழுதியிருந்தாள். ஒரு சொல் கூட இழிவாக இல்லை. எல்லாம் புகழ்ச்சிதான்.

மேடையில் வாசகர் வட்டச் செயலாளர் முகம்மது ரிபாய் மைக்கைத் தட்டினார். அவர் முன்னுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். "வெள்ளைக் கோட்டுக் கனவு கலைஞ்சுபோன ஒரு பெண், கவிதையில கரையேறின கதை இது. அந்தச் சகோதரிய மேடைக்கு அழைக்கிறேன்," என்றார். அறையில் இருந்த நாற்பது பேரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை ஜோதிமணியால் தாங்க முடியவில்லை.

ஆனாலும் எழுந்து போனாள். ஓடிப்போனால் இன்னும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. ஏற்பாட்டின்படி அவள் சீன மூலத்தைப் படிக்க வேண்டும், கஜாலினி தமிழைப் படிக்க வேண்டும். மூன்று இணையடிகள். அவள் ஓர் ஓசை கூடப் பிசகாமல் படித்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் நின்று கஜாலினி படித்த தமிழ் அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாவது இணையடியில் 'பனி' என்ற சொல்லுக்காக இருவரும் மூன்று ஞாயிறு சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. அழகாக இருந்ததுதான் அவளுக்குத் தாளவில்லை.

இறங்கியதும் கஜாலினியின் கையைப் பிடித்து வெளியே, லிஃப்ட் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்டி எழுதின?"

கஜாலினிக்கு உடனே புரிந்தது. எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "உன்னைப் பெருமையாத்தானே எழுதினனான் ஜோதி. அதில வெக்கப்பட என்ன கிடக்கு? எத்தினை சனம் உன்னைப்போல படிச்சுப்போட்டுக் கஷ்டப்படுது? அவைக்கு இது ஆறுதல்."

"அவங்க ஆறுதலுக்கு என்னோட அப்பாவை எதுக்குக் கொண்டாந்த?"

"பதிப்பகத்தில, நான் முதல் எழுதின முன்னுரை காணாது எண்டு சொல்லிப்போட்டினம். சீன யாப்பு எண்டு ஆர் வாங்குவினம், பின்னாலை ஒரு மனிசக் கதை வேணும் எண்டு கேட்டவை. நான் ரெண்டு கிழமை யோசிச்சனான்."

"ரெண்டு வாரம் யோசிச்ச. ஒரு போன் பண்ணிக் கேட்கத் தோணலையா?"

கஜாலினி கீழே பார்த்தாள். வளையலைத் திருகினாள். "கேட்டிருந்தா நீ வேண்டாம் எண்டு சொல்லியிருப்பாய்."

ஜோதிமணி அவள் கையை விட்டாள். அதுவரை அவளுக்குள் ஒரு மூலையில், இவள் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் மிச்சம் இருந்தது. அதுவும் போனது.

"புத்தகம் ஊருக்குப் போயிருச்சு தெரியுமா? வீட்டு முகவரிக்கு."

கஜாலினி வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியாதடி. உன்ர அப்பா தமிழ்ப் புத்தகம் வாசிக்கிற ஆள் எண்டு..."

"என்னோட பேரு அட்டையில இருக்குது. வாசிக்காம எங்க போவாரு?"

உள்ளே நன்றியுரைக்குக் கஜாலினியைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். "போயிட்டு வாறன், நில்லு," என்றாள். ஜோதிமணி நிற்கவில்லை. படி வழியாக இறங்கி, ஹோட்டலுக்கு வெளியே டாக்ஸிகள் நிற்கும் இடத்துக்கு வந்து, அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா எடுப்பாள், எப்படியாவது புத்தகத்தை எடுத்து ஒளித்து வைக்கச் சொல்லலாம் என்று எண்ணியிருந்தாள். எடுத்தது அப்பா.

"அப்பா, பார்சல் வந்துச்சுங்களா?"

"புதன்கெழமையே வந்திருச்சு."

"படிச்சீங்களாப்பா?"

"அந்தச் சைனாப் பாட்டு எனக்கு என்ன புரியுது? முன்னால இருக்கறதைப் படிச்சேன்." டிவி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள். "அதுல எழுதியிருக்கறது நெசமா?"

டாக்ஸிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவள் வேண்டாமென்று கையசைத்தாள்.

"நெசந்தானுங்கப்பா."

அவள் அழவில்லை. போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பரீட்சையில போச்சுன்னா போச்சு," என்றார். "மூணு தடவை போனப்ப நான் உன்னைய ஒரு வார்த்தை சொன்னனா? நாலாவதுக்கும் சொல்லியிருக்க மாட்டேன். ஆரோ ஊரான் பிள்ளைக்கு மூணு வருசமாத் தெரியுது, எனக்குத் தெரியல. எம் மகளைப் பத்தி நான் புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கோணுமா அம்மிணி?"

"அப்பா..."

"வெச்சர்றேன்."

அன்றைய பஸ்ஸில் இடமில்லை. ஒரு மலிவு ஹோட்டலில் தங்கி, மறுநாள் துபாய் திரும்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கஜாலினி மீது இருக்கும் கோபத்தில் எவ்வளவு தன் மீது இருக்க வேண்டியது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை. அப்பாவை ஏமாற்றியது அவள்தான். அது கஜாலினி செய்ததைச் சிறியதாக்கிவிடவும் இல்லை. சொல்ல வேண்டிய நாள் ஒன்று வந்திருந்தால், அவளே போய், அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லியிருப்பாள். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லி வந்திருந்தாள். அந்த நாளை இனி யாராலும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கஜாலினியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்கள் வந்தபடி இருந்தன. முதல் ஒன்றைக் கேட்டாள். அதில் அழுகைதான் அதிகம். மற்றவற்றைத் திறக்கவில்லை. பதிப்பகத்துக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினாள். அடுத்த பதிப்பில் முன்னுரை இருக்கக் கூடாது, அட்டையில் இரண்டு பெயரும் அப்படியே இருக்க வேண்டும். பதிப்பாளர் போனில் கூப்பிட்டு, "மேடம், எல்லாரும் அந்த முன்னுரையைப் பத்தித்தான் பேசுறாங்க," என்றார். அவள், "எனக்குத் தெரியும். எடுத்துருங்க," என்றாள். எடுப்பதற்குக் கஜாலினி மறுப்பு சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

அப்பா இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. அம்மா சரோஜா பேசுவாள். அதிலும் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான். பலகையை அப்பாவே ஏணி வைத்துக் கழற்றினார் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறதாம். ராக்கம்மா பெரியம்மா ஒரு தடவை கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். அவள், "அப்ப நான் இனி ஆருகிட்டக் கேக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, அம்மாவோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் யாரோ வந்தது கேட்டது. பேரனுக்குக் காய்ச்சல், துபாய் டாக்டரம்மா லைனில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று ஒரு பெண் குரல். செய்தி இன்னும் எட்டாத ஒருத்தி. அம்மா, "அது வந்துங்க..." என்று இழுப்பது கேட்டது.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி.

"எம் புள்ளை டாக்டரில்ல. சைனாக்காரங்களுக்குப் பேச்சு மாத்திச் சொல்ற வேலை பாக்கறா. பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் பெருமையாகச் சொன்னாரா, அவளுக்குக் கேட்கட்டும் என்று தண்டனையாகச் சொன்னாரா என்று அவளுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்தபடி படியிறங்கும் சத்தம் கேட்டது. அப்பா போன் பக்கம் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"அவரு சொன்னதைக் கேட்டயா?" என்றாள் அம்மா.

"கேட்டேன்மா," என்றாள் ஜோதிமணி.